ஸ்வாட் கேலிபரேஷன்: கோப்புகளைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரியல் மாடலை கேலிபரேட் செய்பவர்கள், அதாவது அதன் முடிவு அளவீட்டோடு ஒத்துப்போகும்படி உள்ளீட்டு எண்களைச் சரிசெய்பவர்கள், எந்தப் பாராமீட்டரை எவ்வளவு மாற்றலாம் என்று நிறைய யோசிக்கிறார்கள். அந்த எண்ணைக் கோப்பில் எப்படி எழுதுகிறோம் என்பதற்கு அதே கவனம் கிடைப்பதில்லை. ஆற்றுப் படுகையின் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஸ்வாட் (SWAT) மாடலில் நிலப்பயன்பாடு, மண், சரிவு மூன்றும் ஒத்த ஒவ்வொரு நிலக் கூறுக்கும் (ஹெச்ஆர்யூ) .ஹெச்ஆர்யூ, .எம்ஜிடி (நில மேலாண்மை), .சோல் (மண்), .ஜிடபிள்யூ (நிலத்தடி நீர்) என்று தனித்தனிக் கோப்புகள் உண்டு. 500 ஹெச்ஆர்யூ என்றால் இந்த நான்கு வகையிலேயே 2000 கோப்புகள். எதில் என்ன மாறியது என்ற கணக்கு இல்லையென்றால், மாடலும் அளவீடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8 வந்தாலும் அதை மறுபடி வரவழைக்க முடியாது.

மிக மோசமான தவறு, ஏற்கெனவே திருத்திய கோப்பின் மேலேயே மறுபடி திருத்துவது. மழையில் எவ்வளவு நிலத்தின் மேல் வழிந்தோடும் என்பதைத் தீர்மானிக்கும் சிஎன்2 (கர்வ் நம்பர்) மதிப்பு 70 என்று வையுங்கள். 10 சதவீதம் கூட்டும் பைத்தான் ஸ்கிரிப்ட் அதே ஃபோல்டரில் மூன்று முறை ஓடினால் 77, 84.7, 93.17 என்று ஏறிக்கொண்டே போகும். குறிப்பேட்டில் "+10%" என்றுதான் இருக்கும். மாடலில் 33 சதவீதம் கூடியிருக்கும். சரி, 10 சதவீதம் குறைத்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது: 77-இல் 10 சதவீதம் போனால் 69.3, 70 அல்ல. ஸ்வாட்டைக் கேலிபரேட் செய்ய உதவும் மென்பொருளான ஸ்வாட்-கப், மாடலின் ஒவ்வொரு ஓட்டத்திலும் பேக்கப் ஃபோல்டரில் உள்ள மூல மதிப்பிலிருந்தே கணக்கிடுவது இதற்காகத்தான். சொந்த ஸ்கிரிப்ட் எழுதுபவர்களும் மாடலின் கோப்புகள் இருக்கும் மூல டெக்ஸ்ட்இன்அவுட் ஃபோல்டரை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய நகல் எடுக்க வேண்டும். இணையாகப் பல ஓட்டங்கள் போகிறதென்றால் ஆளுக்கொரு ஃபோல்டர். டிஸ்க் இடம் போகும், போகட்டும்.

அடுத்தது, ஸ்வாட்-கப்பில் பாராமீட்டர் பெயருக்கு முன் போடும் முன்னொட்டுகளைக் குழப்புவது. 'வி__' பழைய மதிப்பை நீக்கிப் புதியதை வைக்கும், 'ஏ__' கூட்டும், 'ஆர்__' ஒன்றுடன் அந்த எண்ணைச் சேர்த்துப் பெருக்கும். சிஎன்2-வுக்கு 'வி__' போட்டால் காடும் வயலும் ஊரும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும். நில வரைபடம் தயாரிக்கப் பட்ட பாடு அத்தனையும் வீண். 'ஆர்__' போட்டு 10 சதவீதம் கூட்ட நினைத்து 1.1 என்று எழுதினால், மதிப்பு 2.1 மடங்காகக் கணக்காகும். அங்கே எழுத வேண்டியது 0.1.

சில சமயம் எண்ணை மாற்றியும் ஹைட்ரோகிராஃப் (நீரோட்ட வரைபடம்) அசையாது. "இந்தப் பாராமீட்டருக்கு சென்சிடிவிட்டி இல்லை" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். .எம்ஜிடி கோப்பில் நடவு, உழவு போன்ற செயல்களின் வரியில் அந்தச் செயலுக்கான கர்வ் நம்பரான சிஎன்ஓபி மதிப்பு இருந்தால், அந்தத் தேதியிலிருந்து நீங்கள் மாற்றிய சிஎன்2-வை அது மீறிவிடும். மண்ணிலிருந்து ஆவியாதலைக் கட்டுப்படுத்தும் எஸ்கோவும் அப்படித்தான்: .ஹெச்ஆர்யூ கோப்புகளில் மதிப்பு இருக்கும்வரை முழுப் படுகைக்குமான .பிஎஸ்என் கோப்பில் மாற்றுவதால் பயன் இல்லை.

.சோல் கோப்பைக் கையால் திருத்துவதை முடிந்தவரை தவிருங்கள். அதில் ஒவ்வொரு மண் அடுக்கின் மதிப்புக்கும் 12 எழுத்து அகலம். ஒரு ஸ்பேஸ் குறைந்தாலோ டேப் நுழைந்தாலோ எண்கள் இடம் நகரும். மாடல் எப்போதும் நின்றுவிடும் என்று நம்ப முடியாது. தவறான எண்ணை வாசித்து ஓடிவிடவும் கூடும். மாடல் வாசித்த உள்ளீடுகளின் சுருக்கம் இன்புட்.எஸ்டிடி கோப்பில் வரும், திருத்திய பிறகு அதைத் திறந்து பாருங்கள்.

மாடலின் முதன்மைக் கோப்பான ஃபைல்.சிஐஓ-வில் வார்ம்-அப் ஆண்டுகளை (மாடல் நிலைப்பட விட்டு, முடிவில் சேர்க்காத தொடக்க ஆண்டுகள்) மாற்றினால், முடிவுகளைப் பிரித்தெடுக்கும் ஸ்வாட்-கப்பின் எக்ஸ்ட்ராக்ட் கோப்பில் உள்ள தொடக்க ஆண்டையும் கையோடு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு வருட மழைக்கான நீரோட்டம் வேறொரு வருட அளவீட்டோடு ஒப்பிடப்படும்.

அப்புறம், கேலிபரேஷன் முடிந்த பிறகு ஏதோ ஒரு தேவைக்காக, ஸ்வாட் உள்ளீடுகளை வரைபடங்களிலிருந்து தயாரிக்கும் ஆர்க்ஸ்வாட்டில் உள்ளீட்டு அட்டவணைகளை மறுபடி எழுதச் சொல்வதும் தவறு. அது ப்ராஜெக்ட் டேட்டாபேஸில் உள்ள பழைய மதிப்புகளை எடுத்து, டெக்ஸ்ட் கோப்புகளில் செய்த திருத்தங்களை அழித்துவிடும். இறுதிப் பாராமீட்டர் பட்டியலையும் அதைப் பொருத்தும் ஸ்கிரிப்டையும் கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்திருந்தால், எழுதி முடித்ததும் ஒருமுறை ஓட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.