ஓட்ஸ் குக்கீஸ்: முதல் முறையாக பேக் செய்பவர்களுக்கு

பேக்கிங் பழக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் கேக்கில்தான் கைவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஓட்ஸ் குக்கீஸில் ஆரம்பியுங்கள் என்பேன். பொங்கவில்லையே, நடுவில் அமுங்கிவிட்டதே என்ற கவலை இதில் கிடையாது. மாவடிக்கும் மின்சார பீட்டர்கூட வேண்டாம், ஒரு பெரிய கிண்ணம், மரக்கரண்டி, ஓவன் இருந்தால் போதும். இரண்டு இடங்களில் மட்டும் பொறுமையும் கவனமும் வேண்டும். அவற்றைக் கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை (சுமார் 18 குக்கீஸ் வரும்):

ரோல்டு ஓட்ஸ் – 135 கிராம் (ஒன்றரை கப்)
மைதா – 95 கிராம் (முக்கால் கப்)
உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
பிரவுன் சுகர் – 110 கிராம் (அழுத்தி அளந்தால் அரை கப்)
வெள்ளைச் சர்க்கரை – 50 கிராம் (கால் கப்)
முட்டை – 1
வெனிலா எசென்ஸ் – 1 தேக்கரண்டி
சமையல் சோடா – அரை தேக்கரண்டி
பட்டைத் தூள் – அரை தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
உலர் திராட்சை – 75 கிராம் (அரை கப்)

சமையலறைத் தராசு இருந்தால் எடை போட்டே எடுங்கள். மைதாவை கப்பால் அள்ளினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை வரும். தராசு இல்லையா, மாவைக் கரண்டியால் கப்பில் போட்டு நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிடுங்கள்.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். நமக்கு வேண்டியது ரோல்டு ஓட்ஸ். தானியத்தை ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக்கியது அது. குக்கீயைக் கடிக்கும்போது இதழ் இதழாகப் பல்லில் படுவது இந்த ஓட்ஸால்தான். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியது, பொடிப்பொடியாக இருக்கும். குக்கீஸ் வரும், ஆனால் அந்த மெல்லும் சுகம் வராது. ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். ஓவனில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அது வேகாது, கல் மாதிரி கடிபடும்.

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. அதுதான் பதம். அவசரப்பட்டு அடுப்பில் உருக்கிவிடாதீர்கள். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, குக்கீஸும் தட்டு முழுக்கப் பரவிவிடும். வெண்ணெய் இளகுவதற்குள் உலர் திராட்சையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஊறாத திராட்சை ஓவன் சூட்டில் இன்னும் காய்ந்து, மாவிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இப்போது வெண்ணெய், இரண்டு சர்க்கரை மூன்றையும் கிண்ணத்தில் போட்டு மரக்கரண்டியால் நன்றாக அடித்துக் குழையுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். நிறம் கொஞ்சம் வெளுத்து, கலவை லேசாகிவிட்டது என்று கைக்கே தெரியும். சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பிறகு சோடாவிலிருந்து வரும் வாயு அவற்றை விரிக்கிறது. பிரவுன் சுகரைக் குறைத்துவிடாதீர்கள். அதிலுள்ள மொலாசஸ் என்ற கருநிறக் கரும்புப் பாகுதான் குக்கீஸை மெத்தென்று வைக்கிறது. அதன் லேசான அமிலத்தன்மை சோடா வேலை செய்யவும் உதவுகிறது.

முட்டையையும் வெனிலாவையும் சேர்த்துக் கலக்குங்கள். கலவை திரிந்தது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மாவு சேர்ந்ததும் சரியாகிவிடும். மைதா, சோடா, பட்டைத் தூள், உப்பு நான்கையும் சலித்துச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். அதற்கு மேல் கிளறினால் குக்கீஸ் கடினமாகிவிடும். அப்புறம் ஓட்ஸ், திராட்சை.

பொறுமை வேண்டிய முதல் இடம் இதுதான். கிண்ணத்தை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓட்ஸுக்கு ஈரத்தை உறிஞ்ச நேரம் வேண்டும். கலந்தவுடன் தளதளவென்று கையில் ஒட்டிய மாவு, வெளியே எடுக்கும்போது இறுகி, உருட்ட வாகாக இருக்கும். வெண்ணெயும் கெட்டியாகியிருப்பதால் ஓவனில் சட்டென்று பரவாது. இந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தால் குக்கீஸ் வரத்தான் செய்யும்; ஆனால் ஓரம் மெலிந்து, ஓட்ஸ் தனியாக வறவறவென்று இருக்கும்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் முன்பே சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். தட்டில் பேக்கிங் பேப்பரை விரித்து, மாவைச் சிறிய எலுமிச்சை அளவுக்கு உருட்டி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள்.

நடு அடுக்கில் வைத்து 11 முதல் 13 நிமிடம். பத்தாவது நிமிடத்திலிருந்து ஓவன் பக்கமே இருங்கள், இதுதான் இரண்டாவது இடம். ஓரம் பொன்னிறமாகி, தொட்டால் உறுதியாக இருக்கும். நடுப்பகுதி வெளிறி, இன்னும் ஈரம் போகாதது போல இருக்கும். வேகவில்லையே என்று தோன்றும். பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்து முடியும். நடுவும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு ஓடு மாதிரி ஆகிவிடும். மொறுமொறுப்புதான் பிடிக்கும் என்பவர்கள் மாவை இன்னும் தட்டையாக அழுத்தி, இரண்டு நிமிடம் கூடுதலாக விடலாம்.

சூட்டோடு தூக்கினால் உடைந்துவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். அடுத்த ஈடு வைப்பதற்கு முன் தட்டு நன்றாக ஆறட்டும். சூடான தட்டில் வைத்தால் ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் இளகி, பரவ ஆரம்பித்துவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். திராட்சைக்குப் பதில் வால்நட், சாக்லேட் சிப்ஸ் எதுவும் பொருந்தும். மொத்த அளவு மட்டும் அரை கப்பைத் தாண்ட வேண்டாம்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஐந்து நாள் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேக் செய்யவும் தேவையில்லை. உருட்டிய மாவை ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். வேண்டும்போது நாலைந்து உருண்டைகளை எடுத்து, ஐஸ் விடக் காத்திருக்காமல் அப்படியே ஓவனில் வைத்து, இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் சரி.