மாங்குளம் – முல்லைத்தீவு – பரந்தன்: சைக்கிளில் இரண்டு நாள் (முதல்முறை போகிறவர்களுக்கு)

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னிக்கு இயற்கை பார்க்க வருகிறவர்கள் பலருக்கும் காட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. அந்த ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே பறவை குளக்கட்டில் இருக்கிறது, காடு வீதியோரத்தில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் நீங்கள் தார் வீதியையும் குளக்கட்டையும் விட்டு இறங்கவே போவதில்லை. மாங்குளம் ரயில் நிலையத்தில் தொடங்கி, ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான் போய், முல்லைத்தீவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஏ35 வீதியால் பரந்தன் நிலையத்தில் முடிக்கிறோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

1. மாதம்

பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை. ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழை அதற்குள் ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்து கிடக்கும், வடக்கே இருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும். தின்ன நல்லாக இருக்கும்தான், ஆனால் அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றும் அப்போது சைக்கிளைத் தள்ளி விழுத்தும். அனுபவம் வந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

பெப்ரவரி, மார்ச்சில் காலபோக (மாரிகால) நெல் வெட்டு நடக்கும். வீதியில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். எதிரே பஸ் வந்தால் இறங்கி நின்று விட்டுப் போங்கள்.

2. சைக்கிள்

என் கருத்து பலருக்குப் பிடிக்காது: கியர் சைக்கிள் வேண்டாம். மெல்லிய ரயர் போட்ட ஓட்டப்பந்தய சைக்கிள் வேண்டவே வேண்டாம். பின்னால் கரியர் உள்ள சாதாரண சைக்கிள் போதும். லுமாலாவோ பழைய ரலியோ எதுவானாலும் சரி. வன்னியில் சந்திக்குச் சந்தி சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று இருக்கும். அங்கே 26, 28 அங்குல ரியூப் தொங்கும், உங்கள் வெளிநாட்டுச் சைக்கிளின் ரியூப் தொங்காது. ஒரு நாள் முழுவதும் மட்டமான வீதியில் ஓட கியர் எதற்கு?

3. முள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். யானை என்று பயந்துகொண்டு வருவீர்கள், உங்களை நிறுத்துவது நெருஞ்சி முள்ளாகத்தான் இருக்கும். குளக்கட்டின் ஓரத்திலும் கடைக்கு முன்னால் உள்ள வெறும் மணலிலும் அது படர்ந்து கிடக்கும். வேலியடைத்த இடங்களில் உடைமர முள்ளும் விழுந்திருக்கும்.

காற்றுப் போனால் எல்லாரும் ரியூப்பைக் கழற்றி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு, மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு கிலோமீற்றரில் மறுபடியும் காற்றுப் போகும். சொலுசன் சரியில்லை, ஒட்டு சரியில்லை என்று திட்டுவார்கள். விஷயம் ரயரில் இருக்கிறது. முள்ளின் தலை வெளியே ஒடிந்துபோய், நுனி மட்டும் ரயருக்குள் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பாரம் ஏறும்போது மட்டும் உள்ளே குத்தும்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். ரியூப்பைக் கழற்றும்போதே வால்வுக்கு நேரே ரயரில் சோக்கட்டியால் ஓர் அடையாளம் போடுங்கள். ரியூப்பில் ஓட்டை எங்கே என்று கண்டதும் அதை ரயரோடு பொருத்திப் பார்த்தால், முள் நிற்கும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பிறகு ரயரின் உட்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியை மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும். விரலால் தடவ வேண்டாம், கிழிக்கும். சிக்கிய இடத்தைச் சிறு குறட்டால் பிடித்து உட்பக்கமாக இழுத்து எடுங்கள். ஒன்று எடுத்ததும் நிறுத்தாமல் துணியை இன்னொரு சுற்று விடுங்கள், நெருஞ்சி தனியாக வராது. அதன் பிறகுதான் ஒட்டு.

இரண்டு உதிரி ரியூப், ஒரு கைப்பம்பு, குறடு, துணி, சோக்கட்டி கொண்டு போங்கள். ரயருக்குள் ஊற்றுகிற பசைத் திரவம் கடைகளில் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய ரியூப் ஒன்றை நீளவாட்டில் வெட்டி, ரயருக்கும் புது ரியூப்புக்கும் இடையில் விரிப்பாக வைத்தால் அதைவிட நன்றாகத் தாங்கும். கொஞ்சம் பாரம் கூடும், அவ்வளவுதான்.

4. எங்கே கால் வைக்கலாம்

இலங்கை 2017இல் மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது. போர்க்காலத்தில் இங்கே புதைத்த மிதிவெடிகளை அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. மக்கள் குடியிருக்கும், பயிர் செய்யும், நடந்து திரியும் இடங்களில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதற்காகப் பற்றைக்குள் நுழையவும் கூடாது. மண்ணில் துருப்பிடித்த இரும்பு ஏதும் கிடந்தால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி வந்து 119க்கு (பொலிஸ்) சொல்லுங்கள்.

இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது தெரியுமா? படம் எடுக்கப் போகிறபோது இல்லை, சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறபோது. அவசரம் வந்ததும் ஆள் தன்பாட்டில் பற்றைக்குள் போய்விடுகிறார். எனவே ஒதுங்கும் இடத்தையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்: மாங்குளம், ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முள்ளியவளை. கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, "அக்கா, கழிவறை பாவிக்கலாமோ?" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

5. முதல் நாள்: மாங்குளம் – முல்லைத்தீவு

காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், அதற்கு முன் வேண்டாம். ஏ34 வீதியின் இருபுறமும் பாலை, வீரை, முதிரை என்று காடு நெருங்கி நிற்கும். கிழக்கே போவதால் வெயில் முகத்தில் அடிக்கும், தொப்பி கட்டாயம். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்றும் எதிரே கிளம்பும். அதற்குள் பெரும்பகுதி ஓடிவிட வேண்டும்.

பாதிவழியில் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறிவிட்டு முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்புங்கள். கட்டில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும் பக்கத்தில் நின்றால்தான் பறவையின் நிறம் தெரியும், எதிர்வெயிலில் எல்லாம் கறுப்பு உருவம்தான். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், தாமரை இலை மேல் நடக்கிற இலைக்கோழி, இவற்றைப் பிடித்துக்கொண்டால் முதல்நாளுக்குப் போதும். தொலைநோக்கி வாங்குவதென்றால் 8x42 (8 மடங்கு) வாங்குங்கள். 10 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். சைக்கிள் மிதித்த கை நடுங்கும், 10 மடங்கில் அந்த நடுக்கமும் பெரிதாகும்.

குளத்தில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். ஊர்ச்சனம் குளிக்கிற துறையில், அவர்கள் குளிக்கும்போது மட்டும். முதலை உண்டு. துருசு (மதகு) பக்கம் போகவே வேண்டாம், நீர் இழுக்கும்.

பிற்பகல் நாலரைக்கு மேல் காட்டு வீதியில் நிற்காதீர்கள். யானை வெளிக்கிடுகிற நேரம் அது. வீதியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, சத்தம் போடாமல், வெளிச்சம் அடிக்காமல், வந்த பக்கமே திரும்புங்கள். பின்னால் வருகிற பஸ்ஸோ உழவு இயந்திரமோ வரும்வரை காத்திருந்து, அதோடு ஒட்டிப் போங்கள். யானையோடு செல்பி எடுக்க விரும்புகிறவர் இந்தப் பதிவை வாசித்துப் பயனில்லை.

நேரம் இருந்தால் முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்குத் திரும்பலாம். கண்ணகி அம்மன் கோயிலடியில் நின்றால் நந்திக்கடல் விரிந்து கிடக்கும். நீண்ட சிவப்புக் கால்களோடு நெடுங்கால் உள்ளான், மேலே ஆலாக்கள். வைகாசிப் பொங்கல் காலத்தில் இந்தப் பக்கம் சனம் நிரம்பி வழியும், பறவை பார்க்க அது நேரமில்லை.

6. இரவு

கூடாரம் வேண்டாம். காட்டில் அடிக்க அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் யானை அனுமதி கேட்காது. முல்லைத்தீவு நகரில் அறை எடுங்கள். இராச்சாப்பாட்டுக்கு நந்திக்கடல் இறால் குழம்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். குடிக்க வடிகட்டிய தண்ணீர் வாங்கி, மறுநாளுக்கு ஆளுக்கு 4 லீற்றர் நிரப்பி வையுங்கள்.

7. இரண்டாம் நாள்: முல்லைத்தீவு – பரந்தன்

இந்தத் திசையில் ஓடச் சொல்வதற்குக் காரணம் இன்று தெரியும். மேற்கே போகிறீர்கள், கடற்காற்று முதுகில் தள்ளும். வட்டுவாகல் பாலம் பழையது, ஒடுங்கியது. மழைக்காலத்துக்குப் பிறகு அதன் நிலைமை என்ன என்று இரவே அறைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

பாலம் கடந்தால் முள்ளிவாய்க்கால். 2009இல் அங்கே நடந்தது என்ன என்று தெரியாமல் யாரும் வரப்போவதில்லை. மெதுவாகப் போங்கள். அங்கே படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். இராணுவ முகாம்களையும் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம், அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். நிழலும் தேநீரும் கிடைக்கும், எழுத வேறொன்றும் இல்லை. மதியத்துக்குப் பிறகு பரந்தன்.

பின்னர் சேர்த்தவை

பறவைக்குப் பேர்போன சுண்டிக்குளம் இந்தப் பயணத்தில் ஏன் இல்லை என்று வாசித்தவர்கள் கேட்டிருந்தார்கள். அது 2015இலிருந்து தேசியப் பூங்கா, விதிமுறை வேறு, மணல் பாதையில் இந்தச் சைக்கிள் புதையும். தனியாக எழுத வேண்டிய இடம்.

தனியாகப் போகலாமா என்று ஒரு தங்கை கேட்டார். முதல்முறைக்கு ஆணோ பெண்ணோ இரண்டு பேராகப் போவது நல்லது. ஒட்டுப் போடும்போது ஒருவர் சைக்கிளைப் பிடிக்கவாவது வேண்டும். விழுந்து அடிபட்டால் 1990, இலவச அம்புலன்ஸ்.

சைக்கிளை ரயிலில் ஏற்றுவது பற்றி: பொதிப்பெட்டி உள்ள ரயிலில்தான் எடுப்பார்கள், அது மாங்குளத்திலும் பரந்தனிலும் நிற்கிற ரயிலாகவும் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின நாளே நிலையத்தில் நேரில் கேளுங்கள். சைக்கிளில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டி, பம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.