இன்ஜின் மாற்றிய காரில் மீட்டர்களுக்கும் ஃபேனுக்கும் வயரிங்: புதியவர்களுக்கான செய்முறை

வேறு இன்ஜினை இறக்கி, மவுண்ட் போல்ட்டெல்லாம் இறுக்கி, ஸ்டார்ட்டும் பண்ணியாயிற்று என்றால் பெரிய வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் டெம்பரேச்சர் முள் அசையாமல், ரேடியேட்டர் ஃபேனும் சுற்றாமல் இருக்கும்போது இன்ஜினை நின்ற இடத்தில் ஓட விட்டால் கூலன்ட் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும். ஹெட்டே வளையவும் கூடும். அதனால் இந்த இரண்டு வயரிங்கையும் முடித்த பிறகுதான் இன்ஜினை நீண்ட நேரம் ஓட விட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

மல்டிமீட்டர், கிரிம்ப் செய்யும் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நல்ல செம்பு வயர், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர் ஆகியவை வேண்டும். இவற்றைவிட முக்கியம் இரண்டு வயரிங் டயகிராம்: உங்கள் காருடையது ஒன்று, இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதனுடையது ஒன்று. வயர் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். ஒரே நிறம் இரண்டு கம்பெனிகளில் இரண்டு வேலைக்கு இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

முதலில் எர்த்

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு மின்தொடர்பு தருவது எர்த் பட்டைதான். பழைய இன்ஜினைக் கழற்றும்போது அந்தப் பட்டையும் கூடவே போய்விடுவது சகஜம். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிள், இன்ஜினிலிருந்து பாடிக்கு இன்னொன்று, இரண்டும் இருக்க வேண்டும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி செய்துவிட்டு இறுக்குங்கள்.

எர்த் இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகக்கூட ஓடி அதைச் சூடாக்கிவிடும். மீட்டருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே வயர் உள்ள டெம்பரேச்சர் சென்சார் தன் எர்த்தை இன்ஜின் பாடியிலிருந்துதான் எடுக்கிறது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்ந்தால் சென்சாரை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், பேட்டரியை இதற்கு மட்டும் இணைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் போதாது.

டெம்பரேச்சர் மீட்டர்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சென்சாரின் உள்ளே இருப்பது சூடு ஏற ஏற ஓம் குறையும் ஒரு ரெசிஸ்டர். எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டாஷ்போர்டில் உள்ள பழைய மீட்டர் தன் பழைய சென்சாரின் கணக்கை மட்டுமே அறியும். அதனால் மீட்டரையும் சென்சாரையும் ஒரு ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மீட்டர் வேண்டுமென்றால் பழைய சென்சாரைத்தான் புது இன்ஜினில் பொருத்த வேண்டும். மரை சேராவிட்டால் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்.

புது இன்ஜினில் ஏற்கெனவே ஒரு கூலன்ட் சென்சார் இருக்குமே என்று கேட்கலாம். அது இரண்டு வயர் உள்ளது, ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு) உரியது, 5 வோல்ட் கணக்கில் வேலை செய்வது. அதிலிருந்து மீட்டருக்கு ஒரு வயரை இழுத்தால் ஈசியூவுக்குப் போகும் அளவே பொய்யாகிவிடும். பெட்ரோல் கலவை கெடும், ஃபேனும் தப்பான நேரத்தில் ஓடும். அதைத் தொடவே வேண்டாம்.

பிளாக்கில் வேறு துளை இல்லாதபோது மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி உலோக அடாப்டர் ஒன்றைச் சொருகி அதில் சென்சாரை மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அந்த அடாப்டருக்கு எர்த் கிடையாது. தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று: பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறக்கும் வரை மேல் ஹோஸுக்குச் சூடான கூலன்ட் வராது, அதனால் முள் தாமதமாகவே ஏறும். ஹெட்டிலேயே இடம் கிடைத்தால் அதுதான் நல்லது. மரையில் டெஃப்லான் டேப்பை அளவோடு சுற்றுங்கள். மாட்டிய பின் சென்சார் உடம்புக்கும் பிளாக்குக்கும் இடையே ஓம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் தவிர்க்க வேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். சென்சார் பின்னிலிருந்து மீட்டர் வயருக்கு ஒரு இணைப்பு, சென்சார் உடம்பிலிருந்து கார் எர்த்துக்கு இன்னொன்று. கழற்றிய பேட்டரியை இதற்கு மட்டும் இணைத்து, சாவியை ஆன் செய்து, தண்ணீரை மெதுவாகச் சூடாக்குங்கள். முள் கொஞ்சம் பின்தங்கியே வரும், அவசரப்பட வேண்டாம். 60, 80, 90 டிகிரியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் எங்கே போய் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ரோட்டில் முள்ளைப் பார்த்தால் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற மீட்டர்கள்

ஆயில் பிரஷரில் சுவிட்ச் வேறு, சென்சார் வேறு. விளக்குக்கு உள்ளது சுவிட்ச்: பிரஷர் இல்லாதபோது எர்த் கொடுத்து விளக்கை எரிய வைக்கும், பிரஷர் வந்ததும் விட்டுவிடும். முள் உள்ள மீட்டருக்கு, ஓம் மாறும் சென்சார் தேவை. புது இன்ஜினில் சுவிட்ச் மட்டும் இருந்தால் டீ இணைப்பு ஒன்று போட்டு இரண்டையும் வையுங்கள். மீட்டர் இருக்கிறதே என்று விளக்கை எடுத்துவிடாதீர்கள். ஓட்டும்போது கண்ணில் முதலில் படுவது விளக்குதான்.

ஆர்பிஎம் மீட்டர் துடிப்புகளை எண்ணுகிறது. நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு, ஆறு சிலிண்டரில் 3. நான்கு சிலிண்டர் மீட்டரை ஆறு சிலிண்டர் இன்ஜினில் போட்டால் 2000-ல் ஓடும்போது 3000 என்று காட்டும். ஈசியூவிலிருந்து வரும் ஆர்பிஎம் சிக்னல் பழைய மீட்டருக்குப் போதாமலும் போகலாம். அப்படியானால் ஈசியூவின் டயகிராமில் சொன்ன மதிப்பில் ஒரு ரெசிஸ்டரை சிக்னல் வயருக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே போட வேண்டியிருக்கும்.

சார்ஜ் விளக்கை எரியாவிட்டால் என்ன என்று விட்டுவிட வேண்டாம். பல ஆல்டர்னேட்டர்கள் வேலையைத் தொடங்க வேண்டிய சிறு கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் வருகிறது. விளக்கை விட்டுவிட்டால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

பெட்ரோல் மீட்டருக்கு டேங்கும் பழையது, மீட்டரும் பழையது. அப்படியே விடுங்கள்.

ஃபேன்

ஃபேனுக்குப் போகும் கரண்ட் ஒரு வழி, ஃபேனை ஓடச் சொல்லும் கட்டளை வேறு வழி. இரண்டையும் சந்திக்க வைப்பது ரிலே, அதாவது சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். ஒரு சாதாரண ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சுற்றத் தொடங்கும் நொடியில் அதைவிட நிறைய. இதை இக்னிஷன் சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகும். உங்கள் ஃபேன் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் போட்டால் அதன் ஃபியூஸ் போய்விடும்.

40 ஆம்பியர் ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். இப்படி இணையுங்கள்:

30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து, ஃபியூஸ் வழியாக.
87: ஃபேனின் பாசிட்டிவுக்கு.
86: சாவி ஆன் செய்தால் 12 வோல்ட் வரும் வயருக்கு, சிறு ஃபியூஸ் வழியாக.
85: ஈசியூவின் ஃபேன் வயருக்கு, அல்லது தெர்மோ சுவிட்ச் (கூலன்ட் சூட்டைப் பொறுத்து தானே ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்) வழியாக எர்த்துக்கு.

நடுவில் 87ஏ என்று ஒரு பின் இருந்தால் அதில் எதையும் இணைக்க வேண்டாம். 87 என்று நினைத்து அதில் மாட்டினால், ரிலே ஆஃப் ஆகும்போதுதான் ஃபேன் ஓடும்.

30-க்கும் 87-க்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ். ஃபேனின் எர்த் வயரும் அதே தடிமன்தான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அது காப்பாற்றுவது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள வயர் பாடியில் உரசினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டு ஃபேன் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

ஈசியூ பெரும்பாலும் எர்த் கொடுத்துத்தான் ரிலேயை இழுக்கிறது. ரிலே விடும்போது அதன் காயிலில் எழும் வோல்ட் துள்ளல் ஈசியூவைக் கெடுக்கலாம். உள்ளேயே டயோடு அல்லது ரெசிஸ்டர் உள்ள ரிலே வாங்குங்கள். டயோடு உள்ளதென்றால் அதன் மேல் உள்ள படத்தைப் பார்த்து பாசிட்டிவ், நெகட்டிவ் மாறாமல் மாட்டுங்கள்.

ஈசியூ இல்லாத இன்ஜினுக்குத் தெர்மோ சுவிட்ச். அது ஆஃப் ஆகும் சூடு, தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட மேலே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால், 92-ல் ஆன் ஆகி 87-ல் ஆஃப் ஆகும் சுவிட்ச் பொருந்தும். 80-ல் ஆஃப் ஆவதைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது.

அப்புறம் காற்றின் திசை. ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, விலகினால் ஃபேனின் இரண்டு வயரும் மாறியிருக்கிறது.

ஓட விட்டுப் பார்ப்பது

பேட்டரியை இணைத்து, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஆயில், சார்ஜ் விளக்குகள் எரிய வேண்டும். ஈசியூ அல்லது தெர்மோ சுவிட்ச் வயரை 85-லிருந்து கழற்றிவிட்டு, 85-ஐ ஒரு துண்டு வயரால் எர்த்தில் தொடுங்கள்; ஃபேன் ஓடினால் பவர் பக்கம் சரி. கை ஃபேனுக்குள் போகாத இடத்தில் நின்று செய்யுங்கள். பார்த்ததும் வயரைத் திரும்ப மாட்டுங்கள்.

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். சூடான பின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முள் ஏறி, நீங்கள் படம் எடுத்த 90 டிகிரியைத் தாண்டியதும் ஃபேன் ஓட வேண்டும், முள் இறங்கியதும் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி நடக்கும் வரை காரை விட்டு நகராதீர்கள். முள் படத்தில் உள்ள கொதிநிலை இடத்தை நெருங்கியும் ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு 86-ல் 12 வோல்ட் வருகிறதா, 85-க்கு எர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஃபேன் ஓடும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் பாசிட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதிகமானால் ஏதோ ஒரு கிரிம்ப் தளர்வு. ரிலே சாக்கெட்டையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். எல்லாம் சரியென்றால் வயர்களை ஸ்லீவில் அடக்கி, எக்ஸாஸ்ட்டிலிருந்தும் ஃபேன் இறக்கையிலிருந்தும் தள்ளி, பாடியோடு சேர்த்து டை போட்டுக் கட்டுங்கள்.