அலுவலகத்திலேயே மின்னஞ்சல் சர்வர்: கணினி வாங்கும் முன்பே தொடங்கும் வேலை

பத்து இருபது பேர் பணிபுரியும் நிறுவனம், தன் மின்னஞ்சலைத் தன் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ளத் தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. நிறுவுவது அரை நாள் வேலை. நீங்கள் அனுப்பும் அஞ்சலை ஜிமெயில் போன்றவை நம்பி ஏற்க வேண்டுமே, அதுதான் கடினம். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இணைய இணைப்பு

உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய எண்) தருவீர்களா? சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சல் கைமாற்றும் வாயிலான போர்ட் 25 வழியாக அஞ்சல் வெளியே போக அனுமதி உண்டா? அந்த ஐபிக்கு நான் சொல்லும் பெயரில் பிடிஆர் பதிவு (ஐபியைக் கொண்டு அதன் பெயரைக் கண்டறிய உதவும் பதிவு) செய்து தருவீர்களா?

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் போர்ட் 25 அடைக்கப்பட்டிருக்கும். பல சந்தாதாரர்கள் ஒரே ஐபியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட முகவரிகள், குப்பை அஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியல்) இருப்பது வழக்கம். அங்கிருந்து நேரடியாக வரும் அஞ்சலைப் பல சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். பிடிஆர் பதிவை உங்கள் டொமைன் (இணையப் பெயர்) கணக்கில் நீங்களே போட முடியாது. ஐபி யாருடையதோ அவர்தான் போட வேண்டும். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். போர்ட் 25, பிடிஆர் இரண்டில் ஒன்றுக்கு மறுப்பு வந்தாலும், வெளியே செல்லும் அஞ்சலை மட்டும் கட்டண ரிலே சேவை (உங்கள் அஞ்சலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் சேவை) வழியாக அனுப்பலாம். நிலையான ஐபியே இல்லையென்றால் இந்தத் திட்டத்தைக் கைவிடுவது நல்லது.

படி 2: கணினி

நான்கு ஜிபி நினைவகமும், ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் இரண்டு டிஸ்க்குகளும் போதும். யுபிஎஸ் இணைப்பைக் கணினிக்கு மட்டுமல்ல, ரவுட்டருக்கும் கொடுங்கள். இரண்டு மணி நேரம் மின்சாரம் போனாலும் பதற வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் அஞ்சலை வரிசையில் வைத்து, பொதுவாகச் சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும்.

படி 3: நிறுவல்

வேறு எதுவும் நிறுவாத புதிய டெபியனில் (இலவச லினக்ஸ் இயங்குதளம்) ஐரெட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் தொகுப்பை நிறுவுங்கள். அஞ்சலைக் கொண்டு சேர்க்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைக் காக்கும் டவ்காட், பிரவுசரில் படிக்க ரவுண்ட்கியூப் ஆகியவற்றை அதுவே அமைத்துவிடும். தொடக்கநிலையாளர்கள் இவற்றைத் தனித்தனியாகக் கோக்க முயல வேண்டாம் என்பேன்.

தொடங்கும் முன் கணினிக்கு ‘மெயில்.உங்கள்நிறுவனம்.காம்’ என்பது போல முழுப் பெயர் வையுங்கள். இடையில் அஞ்சல் டொமைனைக் கேட்கும்போது ‘மெயில்’ இல்லாமல் ‘உங்கள்நிறுவனம்.காம்’ என்று மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிறுவி ஏற்காது.

படி 4: டிஎன்எஸ் பதிவுகள்

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களுக்கான இணைய முகவரிப் புத்தகம். அதில் ஏ பதிவு அந்த முழுப் பெயரை ஐபியுடன் இணைக்கும். எம்எக்ஸ் பதிவு உங்கள் டொமைனுக்கான அஞ்சலை அந்தப் பெயருக்கு அனுப்பும். பிடிஆர் பதிவில் எழுத்துப் பிசகாமல் அதே பெயர் இருக்க வேண்டும். எஸ்பிஎஃப், எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும். டிகிம், ஒவ்வொரு அஞ்சலிலும் கையொப்பமிடும்; அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை டிஎன்எஸ்ஸில் ஒட்டும்போது ஒரு மேற்கோள்குறி இடம் மாறினாலும் சோதனை தோற்கும். இந்தச் சோதனைகளில் தோற்கும் அஞ்சலை என்ன செய்வது என்று பிற சர்வர்களுக்குச் சொல்லும் டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வையுங்கள்; அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்கலாம்.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், குறியாக்கப்பட்ட இணைப்பு ஆகியவை கட்டாயம்.

படி 5: ரவுட்டர்

25, 587, 993, 80, 443 ஆகிய போர்ட்களை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். இணைப்பைக் குறியாக்க உதவும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமையுங்கள்.

படி 6: சோதனை

ஒரு ஜிமெயில் கணக்குக்கு அஞ்சல் அனுப்பி, அங்கே ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தைத் திறங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் எதிரிலும் ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். ஒன்று தோற்றாலும் ஊழியர்களுக்குக் கணக்குத் திறக்காதீர்கள்.

வெளியிலிருந்து வரும் முதல் அஞ்சல் சற்றுத் தாமதமானால் அது கோளாறு அல்ல. அறிமுகமில்லாத சர்வரை ‘பிறகு வா’ என்று திருப்பி அனுப்பிப் பார்க்கும் கிரேலிஸ்டிங் அது.

படி 7: காப்புநகல்

ஐரெட்மெயில் தினமும் டேட்டாபேஸை நகலெடுக்கும். அஞ்சல் பெட்டிகளை எடுக்காது. அவை ‘விமெயில்’ கோப்புறையில் இருக்கின்றன. அதை இரவுதோறும் வேறொரு கணினிக்கும், வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் டிஸ்க்குக்கும் நகலெடுங்கள். மாதம் ஒருமுறை, அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு பெட்டியை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.