திருமண நாளுக்குத் தீவுப் பயணம்: ஓய்வைக் கெடுக்கும் தவறுகள்

திருமண நாளுக்கென்று கடல் கடந்து தீவுக்குப் போகும் தம்பதிகள் பலர், போனதைவிடக் களைத்துப்போய்த் திரும்புகிறார்கள். பெரும்பாலும் தீவின் மேல் குறை இருக்காது, போட்ட திட்டத்தின் மேல்தான் இருக்கும்.

"இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்று ஒரே வாரத்தில் மூன்று தீவுகளைத் திணிப்பதுதான் முதல் தவறு. வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் தீவு மாறும் ஒவ்வொரு நாளும் காலையிலேயே பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, படகுத்துறையில் காத்துக் கிடந்து, அலையில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், புது அறை தயாராகவில்லை என்பார்கள். அந்தப் பகல் போனதுதான். செஷல்ஸ் போகிறவர்கள் பிராலின் தீவிலேயே தங்கிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் லா டீக்குக்குக் காலைப் படகில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பெட்டி அறையிலேயே இருக்கும். ஒரு வாரம் என்றால் தங்குவதற்கு ஒரே இடம் போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, தீவுக்குப் போய்ச் சேரும் வழியைப் பிறகு யோசிப்பதும் பரவலான தவறு. மாலத்தீவில் தூரத்து விடுதிகளுக்குக் கொண்டுபோகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் தலைநகர் மாலேயில் வந்து இறங்கினால், தூரத்து விடுதிக்கு மறுநாள் காலையில்தான் போக முடியும். அந்த இரவுக்கு விடுதியிலும் பணம் கட்டி, மாலேயிலும் அறை எடுக்க வேண்டிவரும். கடைசி விமானமோ படகோ எத்தனை மணிக்கு என்று விடுதியில் கேட்டுக்கொண்டு அதன்பின் டிக்கெட் போடுங்கள்.

பருவத்தை நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தாய்லாந்தில் மேற்குக் கரையோரமுள்ள புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கிழக்கே இருக்கும் கோ சாமுயியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் மழை கொட்டும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரீபியன் போக நேர்ந்தால், தெற்குக் கோடியிலுள்ள அரூபா, குராசோ பக்கம் புயல் வருவது அரிது.

வெயில் விஷயத்தில் முதல் நாளிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். மேகமூட்டமாக இருந்தாலும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். ஸ்நார்க்கலிங் செய்யும்போது, அதாவது குழாய் வழியே மூச்சுவிட்டபடி கடல்மேல் குப்புற மிதக்கும்போது, முகம் தண்ணீருக்குள் இருக்கும், உடல் குளிர்ச்சியாக இருக்கும், சுடுவதே தெரியாது. ஆனால் முதுகு, பின்கழுத்து, முழங்காலின் பின்புறம் எல்லாம் சிவந்து, அன்றிரவு மல்லாந்து படுக்க முடியாது, தோளில் கை பட்டாலும் எரியும். ஆசையாகப் போன பயணத்தில் இது கொடுமை. முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று இருந்தால் இந்த அவஸ்தையே இல்லை. சன்ஸ்கிரீன் வாங்கும்போது உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்தவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க 2021 முதல் ஹவாயில் தடை இருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவில் 2020-லேயே இப்படியொரு தடை வந்துவிட்டது. பவளப்பாறைகளைக் காப்பதற்கான ஏற்பாடு இது.

ஓய்வு என்பது இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஒருவருக்குப் பத்து மணி வரை தூங்கினால்தான் விடுமுறை, இன்னொருவருக்குச் சூரிய உதயத்தில் படகேற வேண்டும். புறப்படும் முன்பே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். காலையில் ஒருவர் கடலுக்குப் போகட்டும், மற்றவர் தூங்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம். திருமண நாள் என்பதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் இருவருக்கு மட்டுமான இரவு விருந்தைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். காற்றோ மழையோ வந்தால் தள்ளிப்போட நாள் இருக்காது. காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா டைவிங்கையும் அப்படித்தான் முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறலாம். ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரே போனால், அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். பயணத்தின் முதல் பாதியிலேயே டைவிங்கை முடித்துவிட்டு, கடைசி நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.