555 டைமரில் மோட்டார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்தினால் சிறிய மோட்டார் ஒன்று சில விநாடிகள் ஓடித் தானே நிற்க வேண்டும்; அந்த நேரத்தை அளப்பது 555 என்ற எட்டுக் கால் டைமர் ஐசி. மின்னணுவியல் பழகுபவர்கள் முதலில் கையிலெடுக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. அண்மையில் இருவர் இதைக் கட்டுவதை அருகிலிருந்து பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்தார்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் புகையே கற்றுக்கொடுத்துவிடும்.

3ஆம் காலில் நேரடியாக மோட்டார்

555 ஐசியின் வெளியீடான 3ஆம் கால் 200 மில்லியாம்பியர் வரை தரும் என்று தரவுத்தாளில் இருப்பது உண்மைதான். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், சீராக ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. மேலும், சுமை ஏறும்போது 3ஆம் காலின் மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு வோல்ட் வரை குறைந்துவிடும் என்பதால், 6 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நான்கு வோல்ட்தான் போய்ச் சேரும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் (CMOS) வகை ஐசியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். அரை ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அதில் பத்தில் ஒரு பங்கை, டிரான்சிஸ்டரைத் திறக்கும் காலான பேஸுக்குக் கொடுங்கள். 9 வோல்ட் இணைப்பில் 150 ஓம் மின்தடை ஏறக்குறைய அந்த அளவைத் தரும். அது அரை வாட் மின்தடையாக இருக்கட்டும். பழக்கதோஷத்தில் ஒரு கிலோ ஓம் போட்டால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

மோட்டாருக்கும் ஐசிக்கும் ஒரே கம்பி

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நேரத்தைத் தீர்மானிக்கும் மின்தடையும் மின்தேக்கியும் 220 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தேன். இரண்டையும் பெருக்கி 1.1ஆல் பெருக்கினால் பதினொரு விநாடிக்குச் சற்று மேல் வரும். மோட்டார் அதே அளவு ஓடியது, நிற்கப்போவது போல ஒரு கணம் தயங்கியது, பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது. நான்கு ஐசிகளை மாற்றினேன், மின்தேக்கியை மாற்றினேன், போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவரை மனத்துக்குள் ஏசினேன். ஒரு வாரம் கழித்து, வேறு வழி தோன்றாமல், மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓர் எல்இடியை மாட்டியபோது, அதே சர்க்யூட் ஒவ்வொரு முறையும் பிசகாமல் அணைந்தது. பழி சுமந்த நான்கு ஐசிகளும் நல்லவை.

பட்டன் இணையும் 2ஆம் காலின் மின்னழுத்தம், ஐசிக்கு வழங்கப்படும் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் 555 தூண்டப்படும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் சிறு தூண்டலை அது பொருட்படுத்தாது. நேரம் முடிந்த கணத்திலிருந்து மீண்டும் காது கொடுக்கும். டிரான்சிஸ்டர் மூடி, மோட்டாரின் சுருளிலிருந்து மின்னழுத்தக் குத்து கிளம்புவதும் சரியாக அந்தக் கணத்தில்தான். மோட்டாரின் மின்னோட்டம் திரும்பும் மெல்லிய கம்பியே ஐசிக்கும் தரையாக (பேட்டரியின் எதிர்முனை இணைப்பாக) இருந்தால், அந்தத் தரையே ஆடுகிறது. அதை ஆதாரமாகக் கொண்டு அளக்கும் 2ஆம் கால் ஏமாறுகிறது. பட்டனுக்குப் போகும் நீளமான கம்பி ஆன்டெனா போல மிச்ச இரைச்சலையும் வாங்கிச் சேர்க்கிறது.

வரைபடத்தில் எல்லாத் தரைக்குறிகளும் ஒரே புள்ளி. பலகையில் அப்படி இல்லை. ஆகவே, பேட்டரி முனையிலிருந்து மோட்டாருக்குத் தனியாக, ஐசிக்குத் தனியாகக் கம்பி இழுங்கள். ஐசியின் 8ஆம், 1ஆம் கால்களை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் வையுங்கள். மோட்டாரின் இரு முனைகளிலேயே இன்னொரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கியைப் பற்றவையுங்கள். 2ஆம் காலை 10 கிலோ ஓம் வழியாக நேர்முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். 5ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட் போடுங்கள். அப்போதும் அடங்காவிட்டால், ஐசியின் மின்வழங்கலில் தொடராக ஒரு டையோடைச் சேர்த்தால், மோட்டார் கிளம்பும்போது பேட்டரி தாழ்ந்தாலும் ஐசியின் மின்தேக்கி காலியாகாது.

டையோடின் திசை

சுருளின் மின்னழுத்தக் குத்தை அடக்க மோட்டாருக்குக் குறுக்கே போடும் டையோடின் கோடு நேர்முனைப் பக்கம்.

4ஆம் கால்

இது ஐசியை மீட்டமைக்கும் (ரீசெட்) கால்; அந்தரத்தில் விடாமல் நேர்முனையில் கட்டிவிடுங்கள்.

பட்டனை அழுத்தியே பிடித்திருப்பது

2ஆம் கால் தாழ்ந்திருக்கும் வரை மோட்டார் நிற்காது.

பத்து நிமிடத்துக்கு 555

560 கிலோ ஓமும் 1000 மைக்ரோஃபாரடும் போட்டால் பத்து நிமிடம் என்று கணக்கு சொல்லும். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் விலகியிருப்பது சாதாரணம்; கசிவும் உண்டு. கசிவு மிகுந்தால் மின்தேக்கியின் மின்னழுத்தம், நேரம் முடிய எட்ட வேண்டிய அளவான வழங்கும் மின்னழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே எட்டாது, மோட்டாரும் நிற்காது. இவ்வளவு நீண்ட நேரத்துக்குத் துடிப்புகளை எண்ணும் 4060 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 13.65 துடிப்பு என்று அமைத்தால், 8192 துடிப்புகளை எண்ணி முடித்து, பத்தாவது நிமிடத்தில் அதன் கடைசிப் படியின் வெளியீடு உயரும். கசியாத சிறிய மின்தேக்கியே அதற்குப் போதும்.