விளக்குத்தூண் பக்கம் எடுத்த ஷாட்டில் ஓடிய கறுப்புப் பட்டை

கல்லூரிக் குறும்படத்துக்காக மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜிகர்தண்டா கடையில் இரவுக் காட்சி எடுத்தோம். மொபைல் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. எடிட்டிங்கில் பெரிதாகப் போட்டுப் பார்த்தால் சுவர் முழுக்க மெல்லிய கறுப்புப் பட்டைகள் அசைகின்றன.

முதலில் லென்ஸைத் துடைத்தேன். மெமரி கார்டை மாற்றினேன். மென்பொருளில் ஃப்ளிக்கர் (வெளிச்சத் துடிப்பு) நீக்கும் எஃபெக்டைப் போட்டதில் பட்டை மங்கியது, கூடவே நடிகரின் கையும் மங்கியது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/60 விநாடியிலிருந்து 1/250 ஆக்கினேன், இன்னும் மோசம். நான்கு நாள் போச்சு.

துப்பு கிடைத்தது கரண்ட் போனபோது. கடைக்கார அண்ணன் பேட்டரி விளக்கைப் போட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இருபது விநாடியில் மட்டும் பட்டையே இல்லை!

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு என்று ட்யூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால், 1/60 ஷட்டரில் ஒவ்வொரு வரிக்கும் வெளிச்சம் ஏறுக்குமாறாக விழுகிறது. 1/50 என்றால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 என்றால் ஒன்று; எல்லா வரிக்கும் ஒரே வெளிச்சம். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50, ஃப்ரேமை விநாடிக்கு 25 என்று பூட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் கூடியதால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) குறைத்தேன். பட்டை போய்விட்டது, அப்பாடா!

பழைய ஷாட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் ராத்திரி திரும்ப எடுத்தோம். அண்ணனுக்கு இன்னும் ஆறு ஜிகர்தண்டா வியாபாரம்.